1977: கான்சஸா, ஸ்டிக்ஸா, இல்லை நம் கண்ணில் படாத அந்த ஆல்பமா?

புரோக்ரசிவ் ராக், சுருக்கமாக புரோக், என்பது நீளமான பாட்டும் கோணல் தாளமும் சிக்கலான வாசிப்புமாக வளர்ந்த ராக் இசை. 1977-ல் வந்த அந்த வகை அமெரிக்க ஆல்பங்களில் எது உசத்தி என்று பேச்சை எடுத்தால் கான்சஸ் குழுவா ஸ்டிக்ஸ் குழுவா என்பதோடு முடிந்துவிடுகிறது. இரண்டின் ஆல்பங்களும் லட்சக்கணக்கில் விற்றவை, அமெரிக்க வானொலியில் ஓடி ஓடித் தேய்ந்தவை, அதனால் அப்படி. ஆனால் இந்த இரண்டோடு நின்றால் அந்த வருடத்தின் ருசியான பாதி கைநழுவிப் போகும். என் ஓட்டு ஹேப்பி த மேன் குழுவின் முதல் ஆல்பத்துக்கு. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் மற்றவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன், கான்சஸ் லேசுப்பட்ட எதிராளி கிடையாது.

ஒரு விதி: அமெரிக்கா என்றால் அமெரிக்கா. அதே வருடம் 'எ ஃபேர்வெல் டு கிங்ஸ்' தந்த ரஷ் குழுவை யாராவது நடுவில் நுழைப்பார்கள். அவர்கள் கனடாக்காரர்கள், சேர்த்தி இல்லை. கான்சஸின் சிறந்த ஆல்பம் 'லெஃப்டோவர்ச்சர்' தானே என்பவர்களுக்கும் இதே கதிதான், அது 1976 கணக்கு.

சரி, கான்சஸ். டொபீகாவிலிருந்து வந்த ஆறு பேர், ஆல்பம் 'பாயின்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்'. திரும்பி வர முடியாத எல்லை என்ற வழக்கமான சொற்றொடரில் 'இல்லை' என்ற பொருள் தரும் 'no'-வை எடுத்துவிட்டு, அதே ஒலியுள்ள, 'அறி' என்று பொருள்படும் 'know'-வை வைத்துச் சிலேடை செய்திருக்கிறார்கள். அட்டையில் ஒரு பாய்மரக் கப்பல் உலகத்தின் விளிம்பிலிருந்து கீழே சரிகிறது. பத்துப் பாட்டு, அதில் ஆக நீளமான 'ஹோப்லெஸ்லி ஹியூமன்' கூட ஏழு நிமிடத்தைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. இங்கிலாந்துக் குழுக்கள் ஆல்பத்தின் ஒரு முழுப் பக்கத்தை ஒரே பாட்டுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த வகை இசையில் இவர்கள் செய்தது அமுக்கி அடைக்கிற வேலை. 'த ஸ்பைடர்' என்ற வாத்தியத் துண்டைக் கேளுங்கள், இரண்டே நிமிடம்தான், வேறு யாராவது இதைப் பத்து நிமிடத்துக்கு இழுத்திருப்பார்கள்.

இந்த ஆல்பத்தில் எனக்கு உயிர் 'க்ளோசெட் க்ரானிக்கிள்ஸ்'. விமானங்களும் சினிமாவும் கோடிகளுமாக வாழ்ந்துவிட்டுக் கடைசி வருடங்களில் ஓட்டல் அறைகளுக்குள் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒளிந்து கிடந்த ஹோவர்ட் ஹியூஸைப் பற்றிய பாட்டு, அவர் இறந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது அப்போது. 'போர்ட்ரெயிட்' ஐன்ஸ்டைனைப் பற்றியது. ஒருவர் தனக்குள்ளே அடைந்துபோனவர், இன்னொருவர் பிரபஞ்சத்தைத் திறந்து பார்த்தவர், இரண்டு பேரையும் ஒரே ஆல்பத்தில் வைக்கத் தோன்றியதே பெரிய விஷயம். அப்புறம் 'டஸ்ட் இன் த விண்ட்'. குழுவின் கிதார்காரர் கெரி லிவ்கிரன் விரல் பழக்கத்துக்காக கிதாரில் வாசித்துக்கொண்டிருந்த பயிற்சி அது. இதைப் பாட்டாக்கலாமே என்று சொன்னது அவர் மனைவி. டிரம்ஸே கிடையாது. இந்தக் குழுவின் தன்மைக்குக் கொஞ்சமும் ஒட்டாத அந்தப் பாட்டுதான் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 6-ம் இடம் வரை போய் அவர்கள் அடையாளமாகவே ஆகிவிட்டது. நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை, ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு கான்சஸ் தெரியும் என்று சொல்பவர்கள் சாப்பாட்டில் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தவர்கள். குறை? 'லைட்னிங்ஸ் ஹேண்ட்', 'ஸ்பார்க்ஸ் ஆஃப் த டெம்பெஸ்ட்' இரண்டும் வெறும் முறுக்கு. எந்த ஹார்ட் ராக் குழுவும் செய்துவிட்டுப் போகக்கூடியவை.

ஸ்டிக்ஸுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கப்போவதில்லை. சிகாகோ குழு, ஏழாவது ஆல்பம் 'த கிராண்ட் இல்யூஷன்', வெளியான தேதியும் 7-7-1977. அட்டை பெல்ஜிய ஓவியர் மக்ரீத்தின் ஓவியத்தைத் தழுவியது, ஆல்பத்தில் ஆக அழகான விஷயம் அதுதான் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், சொல்லிவிட்டேன். 'கம் செயில் அவே' மெதுவான பியானோவில் கப்பலேறி முடிவில் வேற்றுக்கிரக விண்கலத்தில் இறங்குகிறது, கூட்டமாகச் சேர்ந்து கத்திப் பாடுவதற்கு அதைவிட நல்ல பாட்டு அந்த வருடத்தில் இல்லை. 'காஸில் வால்ஸ்' ஒன்றுதான் உண்மையிலேயே இருட்டும் ஆழமும் உள்ள புரோக். மீதியெல்லாம் புரோக் சட்டை போட்ட பாப், நன்றாகத் தைத்த சட்டை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்டார்காஸில் வேறு விதமான சங்கடம். இல்லினாய் மாநிலத்து ஷாம்பெயின் நகரத்துப் பையன்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இங்கிலாந்தின் யெஸ் குழு: அதே உச்சக்குரல், அதே அடுக்கடுக்கான கூட்டுப்பாடல், முன்னால் வந்து துள்ளும் பேஸ் கிதார். 1977-ல் இரண்டு ஆல்பம் போட்டார்கள், 'ஃபவுன்டன்ஸ் ஆஃப் லைட்', 'சிட்டடெல்', இரண்டுக்கும் தயாரிப்பாளர் குயீன் குழுவின் ஆல்பங்களைத் தயாரித்த ராய் தாமஸ் பேக்கர். கேட்கச் சுகமாக இருக்கிறது, அதுதான் தொல்லை. பக்கத்து வீட்டு மல்லிகைக் கொடி நம் மதில் மேல் படர்ந்து பூத்தால் பூவைப் பறிக்கலாம், கொடி நம்முடையது என்று சொல்ல முடியாதே. அதிலும் அசல் யெஸ்ஸே அந்த வருடம் 'கோயிங் ஃபார் த ஒன்' கொண்டுவந்துவிட்டது. இவர்கள் பாவம்.

டாட் ரன்கிரனின் யுடோப்பியா குழு 'ரா' ஆல்பத்தில் எகிப்துக்கே போய்விட்டது, மேடையில் பிரமிடும் ஸ்பிங்க்ஸும் வைத்து ஊர் ஊராகச் சுற்றினார்கள். கடைசிப் பாட்டு பதினெட்டு நிமிடத்துக்கு மேல், கண்ணாடிக் கிதாருக்குள் சிறைப்பட்ட நாதத்தை நான்கு பேர் மீட்கும் தேவதைக் கதை, நான்கு பேருக்கும் ஆளுக்கொரு தனி ஆவர்த்தனம். சிரிப்பு வரும், ஆனால் வாசிப்பு அசாத்தியம். 'ஹிரோஷிமா'வைக் கேட்டால் சிரிப்பு போய்விடும். வேடிக்கை என்னவென்றால் அதே வருடம் முடிவதற்குள் இதே நால்வரும் 'ஊப்ஸ்! ராங் பிளானட்' என்று சின்னச் சின்னப் பாட்டுகளாக ஒரு ஆல்பம் போட்டுவிட்டார்கள். பிரமிடைக் கட்டியவர்களே அதைப் பிரித்து அடுக்கிவிட்டார்கள்.

இப்போது நான் உண்மையில் தடுமாறிய இடம்: டிக்ஸி டிரெக்ஸின் 'ஃப்ரீ ஃபால்'. மயாமி பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர்கள், ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் குழுவின் ஆல்பங்களை வெளியிட்ட ஜார்ஜியா மாநிலத்து கேப்ரிகார்ன் நிறுவனம் எடுத்துக்கொண்ட குழு. ஒரு வரி பாட்டு கிடையாது, முழுக்க வாத்தியம். ஜாஸ், கிராமத்து நடன இசை, துள்ளும் தாளத்து ஃபங்க், பழைய ஐரோப்பியச் செவ்வியல் பாணியான பாரோக் எல்லாம் ஒரே தட்டில். 'மோ டவுன்' தொழுவத்தில் ஆடுகிற ஆட்டம் மாதிரி இருக்கும், 'ரீஃப்ரைடு ஃபங்கி சிக்கன்' மூச்சு விடாது, கடைசியில் 'நார்தர்ன் லைட்ஸ்' எல்லாவற்றையும் அடக்கிப் படுக்கவைத்துவிடும்.

வயலினுக்காக கான்சஸையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். கான்சஸில் ராபி ஸ்டைன்ஹார்ட்டின் வயலின் பாடகருக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு குரலாகப் பேசும். டிரெக்ஸில் ஆலன் ஸ்லோனின் வயலின் ஸ்டீவ் மோர்ஸின் கிதாரோடு ஒரே வரியை ஒரே வேகத்தில் ஓடும், எது தந்தி எது வில் என்று பிரிக்க முடியாத அளவுக்கு. கச்சேரியில் பாட்டுக்காரரை நிழலாகத் தொடரும் வயலினைக் கேட்டு வளர்ந்த காதுக்கு முதலாவது உடனே பிடிபடும், இரண்டாவதற்கு எனக்கு ஒரு மாதம் ஆனது. ஆனால் 'ஃப்ரீ ஃபால்' தன் திறமையை ஒரு கணமும் நம்மை மறக்க விடுவதில்லை. ஆறாவது, ஏழாவது பாட்டில் கை தட்டித் தட்டி அலுத்துவிடுகிறது.

ஹேப்பி த மேனில் அந்த அலுப்பே எனக்கு வந்ததில்லை. வர்ஜீனியாவின் ஹாரிசன்பர்க்கில் உருவான குழு, அரிஸ்டா நிறுவனம், தயாரிப்பாளர் கென் ஸ்காட், அதாவது பீட்டில்ஸுக்கு ஒலிப்பதிவு செய்து, பாடகர் டேவிட் போவிக்கும் மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவுக்கும் ஆல்பம் செய்தவர். இங்கிலாந்தின் ஜெனிசிஸ் குழுவை விட்டு வெளியேறிய பாடகர் பீட்டர் கேப்ரியல் தனக்குப் பின்னணியாக இவர்களை வைத்துக்கொள்ளலாமா என்று கூட வாசித்தெல்லாம் பார்த்திருக்கிறார், அது கூடிவரவில்லை. பாட்டுத் தலைப்புகள் ஜுரத்தில் உளறியவை போல இருக்கும், 'ஸ்டம்பி மீட்ஸ் த ஃபயர்கிராக்கர் இன் ஸ்டென்சில் ஃபாரஸ்ட்' என்று ஒன்று, 'நீ பிட்டன் நிம்ஃப்ஸ் இன் லிம்போ' என்று இன்னொன்று. இதைப் பார்த்தே பல நாள் ஒதுக்கி வைத்திருந்தேன், என் முட்டாள்தனம்.

முதல் பாட்டு 'ஸ்டார்போர்ன்' எந்த அவசரமும் இல்லாமல் விடிகிறது. கிட் வாட்கின்ஸ் மூக் சின்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டில் சுரத்தை வளைக்கிற விதம் கையெழுத்து மாதிரி, இரண்டு சுரம் போதும், இவர்தான் என்று தெரிந்துவிடும். ஃபிராங்க் வயட் சாக்சஃபோனிலிருந்து பியானோவுக்குத் தாவுகிறார், ஸ்டான் விட்டேகரின் கிதார் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் குரல் உயர்த்துகிறது. தாளமெல்லாம் ஏழும் பதினொன்றுமாகக் கோணல்தான், ஆனால் விரல் விட்டு எண்ணினால்தான் அது தெரியும், மெட்டு அவ்வளவு இயல்பாக அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. 'மிஸ்டர் மிரர்ஸ் ரிஃப்ளெக்ஷன் ஆன் டிரீம்ஸ்' ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, அதில் ஒரு இடத்திலும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. கான்சஸ் அமுக்கி அடைத்ததை இவர்கள் காற்றாட விரித்துப் போட்டிருக்கிறார்கள், ஸ்டார்காஸில் மாதிரி இங்கிலாந்திடம் கடன் வாங்கிய வாசனையும் குறைவு. ஒன்பது பாட்டில் இரண்டில் மட்டும் விட்டேகர் பாடுகிறார், அவர் குரல் சுமார்தான், பாடாமலே இருந்திருக்கலாம்.

அடுத்த வருடம் கென் ஸ்காட் இவர்களுடைய 'க்ராஃப்டி ஹேண்ட்ஸ்', டிரெக்ஸின் 'வாட் இஃப்' இரண்டையும் தயாரித்தார். அதற்கப்புறம் அரிஸ்டா ஹேப்பி த மேனைக் கைகழுவிவிட்டது, வாட்கின்ஸ் 1979-ல் இங்கிலாந்தின் கேமல் குழுவுக்குப் போய்விட்டார். புதிதாகக் கேட்பவர்கள் கான்சஸில் தொடங்கி டிரெக்ஸ் வழியாக இங்கே வந்தால் ஏற்றம் சுலபமாக இருக்கும், நேராக வந்தாலும் பாதகமில்லை.

கான்சஸுக்கும் டிரெக்ஸுக்கும் பின்னால் ஒரு சம்பந்தம் நடந்தது. ஸ்டீவ் மோர்ஸ் 1986-ல் கான்சஸிலேயே சேர்ந்து 'பவர்' ஆல்பத்தில் வாசித்தார். கிடைத்தவுடன் ஆசையாகப் போட்டுவிட்டு, மோர்ஸ் கிதாரோடு கான்சஸ் வயலின் எந்தப் பாட்டில் இழையப்போகிறது என்று ஒவ்வொன்றாகக் காத்திருந்தேன். கடைசிப் பாட்டும் முடிந்தபிறகுதான் உறையில் பெயர்களைப் பார்த்தேன், குழுவில் வயலின்காரரே இல்லை.