ஏர்மோட்டார் 702-ஆ, கைப்பட்டறைக் காற்றாலையா? வாங்கியவன் கணக்கு

மேற்கு டெக்சாஸில் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்க எட்டடிச் சக்கரம் வைத்த காற்றாலை ஒன்று தேடிப் போன வருடம் முழுக்க அலைந்து, கடைசியில் ஏர்மோட்டார் கம்பெனியின் துருப்பிடித்த 702 மாடல் ஒன்றை வாங்கி நிறுத்தினேன். அதனால் இதில் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். சோலார் பம்பு சுலபம் என்பது எனக்கும் தெரியும். இது பழைய காற்றாலைமேல் பித்துப் பிடித்தவர்களுக்கு.

மரச் சக்கரத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். விஸ்கான்சின் பெலாய்ட்டில் லெனார்ட் வீலர் என்ற பாதிரியார் 1867-இல் உருவாக்கிய எக்லிப்ஸ் என்ற மரக் காற்றாலை, பார்க்க அத்தனை அழகு. ஆனால் வெயிலில் மரம் வெடிக்கும், பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணெய் விட அடிக்கடி மேலே ஏற வேண்டும். நான் வைத்து ஓட்டியதில்லை, பக்கத்துப் பண்ணையில் பார்த்ததோடு சரி.

மனசு நிஜமாகவே தடுமாறியது சின்னப் பட்டறைக்காரர்கள் செய்தவற்றில்தான். நெப்ராஸ்கா சிட்டியில் கிரெகல் குடும்பம் 1879-இல் தொடங்கி 'ஈலை' என்ற பெயரில் செய்து விற்றார்களே, அந்த வகை. அவர்கள் பட்டறை இப்போது அருங்காட்சியகம். கூரையடியில் சுழலும் ஒரே தண்டிலிருந்து பெல்ட் போட்டு எல்லா இயந்திரத்தையும் ஓட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட, ஆனால் பெயரே அழிந்துபோன ஒரு பட்டறையின் காற்றாலைத் தலைப்பகுதி, அதாவது கோபுர உச்சியில் பல்சக்கரங்கள் இருக்கும் பாகம், ஓர் ஏலத்தில் 702-இன் பாதி விலைக்கு வந்தது. கையைத் தூக்கப் போனவன் பல்சக்கரத்தைப் பார்த்தேன், ஒரு பல் இல்லை.

அந்த ஒரு பல்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. அதற்கு மாற்றுச் சக்கரம் எந்தக் கடையிலும் கிடையாது. உடைந்ததையே மாதிரியாக வைத்து மர அச்சு செய்து, வார்த்து, பல் வெட்டி வாங்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு சக்கரத்துக்காக. கூலி விசாரித்தேன், மிச்சம் பிடித்த பாதி விலையை அது மொத்தமாகத் தின்றுவிடும். அப்புறம் அடுத்த வருடம் இன்னொரு பாகம் போனால்?

702 வந்தது 1933-இல். ஏர்மோட்டார் கம்பெனி இப்போது டெக்சாஸின் சான் ஆஞ்சலோவில் இருக்கிறது, அதே மாதிரியை இன்றும் செய்கிறார்கள், பழையதற்குப் புதுப் பாகம் பொருந்துகிறது. என்னுடையதில் நடுத்தண்டின் பேரிங்குகள் தேய்ந்திருந்தன. ஆர்டர் போட்டேன், வந்தது, மாட்டினேன், அவ்வளவுதான். கியர் எண்ணெய்த் தொட்டியிலேயே முங்கிச் சுழல்வதால் வருடம் ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும். 1915-இல் ஏர்மோட்டார் கொண்டுவந்த இந்த ஏற்பாடுதான் விவசாயியை வாராவாரம் கோபுரம் ஏறுவதிலிருந்து காப்பாற்றியது. திரும்ப விற்பதும் இதே காரணத்தால் எளிது என்கிறார்கள், நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை.

டெம்ப்ஸ்டர் என்ற இன்னொரு கம்பெனியின் 12-ஆம் எண் மாடலும் எண்ணெயில் முங்கி ஓடுவதுதான், நல்லது கிடைத்தால் விட வேண்டாம்.

வாங்கும்போது 702 என்ற எண் வார்ப்பிலேயே இருக்கிறதா பாருங்கள், அதற்கு முந்தைய மாடல் என்றால் எல்லாப் பாகமும் பொருந்தாது. மூடியைத் திறந்து ஆயிலையும் பாருங்கள், பால் மாதிரி வெளுத்திருந்தால் மழைநீர் இறங்கியிருக்கிறது.

என் காற்றாலையின் வாலில், அதாவது சக்கரத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பும் தகட்டில், எவனோ சுட்ட மூன்று துப்பாக்கித் துளைகள் இருக்கின்றன. புது வாலும் கிடைக்கிறது, நான்தான் மாற்றவில்லை.