கோவை நகருக்குள் இருந்து நகர்வதா? வடவள்ளி, மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி: குடும்பத்துக்கு எது ஒத்துவரும்

காந்திபுரம், ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர்ப் பக்கம் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் கொஞ்சம் விசாலமான ஊரைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அப்போது அதிகம் அடிபடும் பெயர்கள் இந்த மூன்று. வடவள்ளி 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த புறநகர். மேட்டுப்பாளையம் வடக்கே சுமார் 35 கி.மீ., பொள்ளாச்சி தெற்கே சுமார் 40 கி.மீ. மூன்றும் குடியிருக்க நல்ல ஊர்கள்தான். உங்கள் வேலை நகரத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

நெடுஞ்சாலையில் 30 கி.மீ. ஓட ஆகும் நேரம், காலை ஒன்பது மணிக்கு நகரத்துக்குள் கடைசி எட்டு கி.மீ.க்கும் ஆகிவிடுகிறது. பொள்ளாச்சி பஸ்கள் பெரும்பாலும் உக்கடத்தோடு நின்றுவிடும். சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்ப்பவர் பொள்ளாச்சியில் குடியேறினால் உக்கடத்தில் இறங்கி, காந்திபுரம் போய், சத்தி ரோட்டு பஸ் பிடிக்க வேண்டும். போக மட்டும் இரண்டு மணி நேரம் ஆகும். ஆறு மாதம் தாங்குவது கடினம். வேலை குறிச்சி சிட்கோவிலோ, ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி, கிணத்துக்கடவுப் பக்கத் தொழிற்சாலையிலோ இருந்தால் நகரத்துக்குள் நுழையவே தேவையில்லை. அப்போது பொள்ளாச்சியை மிஞ்ச ஆளில்லை. 2024 ஆகஸ்டில் உக்கடம்–ஆத்துப்பாலம் மேம்பாலம் திறந்தபின் டவுன்ஹால் வரை வருபவர்களுக்கும் முன்பிருந்த இழுபறி குறைந்திருக்கிறது.

மேட்டுப்பாளையத்தின் பலம் ரயில். காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் வழியாகக் கோவை ஜங்ஷனுக்கு முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ்ஸைவிட மிகவும் மலிவு. துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துப் பம்பு, மில் வேலைக்காரர்களுக்கு இதுதான் சரியான ஊர். ஆனால் சாலையை நம்புகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களையும் சனி, ஞாயிறையும் கணக்கில் வைக்க வேண்டும். ஊட்டி வண்டிகள் முழுக்க ஊருக்குள் நெரிந்துதான் மலையேறுகின்றன. நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் இருந்தும் விடுமுறை நாளில் நெரிசல் இருக்கத்தான் செய்கிறது. பொள்ளாச்சிக்கும் ரயில் உண்டு. எண்ணிக்கை குறைவு, அதை நம்பி வேலைக்கு நேரம் வைக்க முடியாது.

வடவள்ளியில் தூரம் பிரச்சினையில்லை, காந்திபுரத்திலிருந்து பத்து கி.மீ. அளவுதான். இடைஞ்சல் எல்லாம் லாலி ரோடு சிக்னலில். தைப்பூசத்தன்று மருதமலை ரோட்டில் வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது.

வாடகை மிச்சம் என்று கிளம்புமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தினமும் 80 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 2,000 கி.மீ. பைக் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தால் 44 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 4,400 ரூபாய். டயர், சர்வீஸ் தனி. வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிறவர்களானால் இன்னொன்றும் உண்டு: கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். வடவள்ளியிலிருந்து காசில்லாமல் போய்வரலாம். பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் புறநகர் பஸ்களில் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். வீடு பார்க்கப் போனால் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்க்குமுன் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி: "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க, எவ்வளவு நேரம் விடறாங்க?" வீட்டுக்காரரிடம் கேட்டால் 'தாராளமா வருது' என்பார், பக்கத்து வீட்டு அம்மா தேதி சொல்லுவார். கோவை நகரத்துக்கு சிறுவாணியும், பவானியில் பில்லூர்த் திட்டமும் ஆதாரம். ஒரே புறநகரில்கூட எந்தத் தண்ணீர் என்பது வீதிக்கு வீதி மாறும். மேட்டுப்பாளையம் பவானிக் கரையிலேயே இருக்கிறது. பொள்ளாச்சிக்கு ஆழியாறு.

குளிக்க, துவைக்க எங்கே போனாலும் போர்த் தண்ணிதான். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு பிடித்து டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மீட்டரில் பாருங்கள். குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 1,000க்கு மேல் போனால் கீசர் காயில் வெள்ளைப் படிவு கட்டும், ஷவர் அடைக்கும், தலைமுடி கொட்டுகிறது என்று வீட்டில் சண்டை வரும். ஆர்.ஓ. மிஷின் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்தில் தென்னைநார்க் கழிவைக் கழுவும் ஆலை அருகில் இருந்தால் கிணறும் போரும் உப்பேறியிருக்கக்கூடும். சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மழையிலும் வித்தியாசம் பெரிது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனிலேயே பொள்ளாச்சிக்குச் சாரல் வந்துவிடும். மேட்டுப்பாளையத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் முக்கியம். ஈளை (ஆஸ்துமா) இருக்கும் பெரியவர்களுக்குப் பொள்ளாச்சியின் ஆடி மாத ஈரக்காற்று ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் பாதுகாப்பில் ஊருக்கு ஒரு கவலை. மேட்டுப்பாளையத்தில் ஆறு: பில்லூர் அணை 100 அடியில் 97ஐ நெருங்கினாலே தண்ணீர் திறந்துவிடுவார்கள். இங்கே வெயில் அடித்தாலும் மேலே மழை என்றால் பவானி திடீரென்று ஏறும். நீச்சல் தெரிந்த பையனையும் தனியே விடக்கூடாது. அதே ஊரில் நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி மழையில் நனைந்த கருங்கல் சுற்றுச்சுவர் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். பக்கத்து மனையின் உயரமான சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை இருக்கிறதா, சுவர் சாய்ந்திருக்கிறதா என்பதை எந்த ஊரிலும் பாருங்கள். வடவள்ளிக்கு மேற்கே மலையடிவாரத்தில் யானை. விடிகாலை டியூஷன், இரவு ஷிஃப்ட் இருந்தால் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி வீடு எடுக்காதீர்கள்.

மருத்துவத்தில் காய்ச்சல், பிரசவம்வரை பொள்ளாச்சியிலேயே பார்க்கலாம். தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்த ஊசி போடும் மருத்துவமனைக்குப் போய்ச்சேரும் நேரமும் அதில் அடக்கம். டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை என்று வாரந்தோறும் போய்வர வேண்டிய நோயாளி வீட்டில் இருந்தால் வடவள்ளியைத் தாண்டாமல் இருப்பதே மேல்.

சைட் வாங்குகிறவர்களுக்கு: 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்றால் எழுந்து வந்துவிடுங்கள், மனைப்பிரிவுக்கு அனுமதி தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) எண், மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, 30 வருட வில்லங்கம், பட்டா நான்கும் வேண்டும். மலையடிவாரக் கிராமம் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும அனுமதியும் கேளுங்கள். இல்லாவிட்டால் வீட்டு வரைபடம் பாஸாகாது, பேங்க் லோனும் வராது. பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்.

ஆனால் முதலில் பதினோரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒன்பதிலோ பதினொன்றிலோ படிக்கும் பிள்ளை இருந்தால் அடுத்த பொதுத்தேர்வு முடியும்வரை நகராதீர்கள். ஐந்து முடித்து ஆறுக்குப் போகும்போது மாற்றுவது சுலபம். டி.சி. வாங்கும் அன்றே, பழைய பள்ளி எமிஸில் (கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேடு) பிள்ளையைக் காமன் பூலுக்கு, அதாவது வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, அனுப்பிவிட்டதா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் புதிய பள்ளியால் பெயரை ஏற்ற முடியாது. ஜூன் மாதம் முழுக்க இரண்டு பள்ளிக்கும் நடக்க வேண்டியிருக்கும்.