4கே மானிட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு: எது போதும், எது வேண்டாம்

32 அங்குல 4கே மானிட்டர் வாங்கியவுடன் "எந்த கார்டுக்கு பவர் அதிகம்?" என்று தேட ஆரம்பிக்கிறார்கள். கேம் ஆடாதவர்களுக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. 4கே திரையின் 3840×2160 என்பது சுமார் 83 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஒரு பிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு முழுப் படத்துக்கு, 33 எம்பிதான் ஆகிறது. பிரவுசர், எக்செல், கோடிங் எல்லாவற்றுக்கும் சின்ன கார்டே தாங்கும். அவதிப்பட வைப்பது பெரும்பாலும் கார்டில் மானிட்டர் கேபிளைச் செருகும் போர்ட்தான்.

என்விடியாவின் ஜிடி 710, ஜிடி 730 கார்டுகளின் விளம்பரத்தில் 4கே என்று போட்டிருப்பார்கள். பொய்யில்லை. ஆனால் அவற்றில் உள்ள ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே-யில் 30 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 30 படத்தை, தாண்டாது. மவுஸ் பாயிண்டர் தத்தித் தத்திப் போகும், பக்கத்தை ஸ்க்ரோல் செய்தால் எழுத்து உதறும். டைப்பிங் வேலைக்குக்கூட இவை வேண்டாம். 2017-ல் வந்த ஜிடி 1030-ல் ஹெச்டிஎம்ஐ 2.0 இருப்பதால் 60 ஹெர்ட்ஸ் வரும். ஆனால் ஏவி1 என்ற புதிய முறையில் சுருக்கிய வீடியோவை அதால் டீகோட் செய்ய (விரித்துக் காட்ட) முடியாது, சுமை முழுக்க பிராசஸர் தலையில் விழும். இருப்பதை வைத்து ஓட்டலாம், புதிதாக வாங்காதீர்கள்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400-ஐ எடுத்துக்கொண்டால் 53 வாட்தான், தனி பவர் கேபிள் வேண்டாம், ஹெச்டிஎம்ஐ 2.1-உம் டிஸ்ப்ளேபோர்ட் 1.4-உம் இருக்கின்றன. திரையை ஓட்ட இது தாராளம். குறை வேறு இடத்தில்: ஏவி1 டீகோடர் இல்லை, வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடரே இல்லை. ஸ்க்ரீன் ரெக்கார்டிங், வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு உதவாது. அதனால் வேலைக்கான கணினிக்கு எங்கள் தேர்வு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 70 வாட், மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம், ஏவி1 டீகோடரும் உண்டு, வீடியோ என்கோடரும் உண்டு. இதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அது 130 வாட், தனி பவர் கனெக்டர் கேட்கும். பெட்டியில் எத்தனை ஜிபி என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது கேபிளில் போகும் டேட்டாவின் கணக்கு. ஹெச்டிஎம்ஐ 2.0-ன் வேகம் நொடிக்கு 18 ஜிகாபிட் என்பார்கள். படத்துக்குக் கிடைப்பது 14.4 ஜிகாபிட்தான். 4கே, 60 ஹெர்ட்ஸ், 8 பிட் நிறம் அதில் அடங்கும். வெளிச்சத்தையும் நிறத்தையும் விரிவாகக் காட்டும் எச்டிஆர் போட்டு 10 பிட்டுக்குப் போனால் அடங்காது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் சத்தமில்லாமல் நிறத் தகவலைக் குறைத்து 4:2:2 அல்லது 4:2:0-க்கு இறங்கிவிடும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தைப் பாருங்கள்: ஓரம் கரைந்து நிறம் வழிந்தது போல இருந்தால் காரணம் இதுதான். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ல் 25.92 ஜிகாபிட் கிடைப்பதால் 4கே 120 ஹெர்ட்ஸ் 8 பிட் வரை சுருக்காமலே போகும். 144 ஹெர்ட்ஸ், 10 பிட் என்றால் கேபிளில் போகும் படத்தைச் சுருக்கும் டிஎஸ்சி தேவை. ஆர்டிஎக்ஸ் 20, ஆர்எக்ஸ் 5000 வரிசைகளிலிருந்து அது இருக்கிறது. டிஎஸ்சி என்றாலே படத்தின் தரம் குறையும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அன்றாட வேலையில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

சரியான கார்டு போட்டும் 60 ஹெர்ட்ஸ் வரவில்லையா? கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டு போர்ட்டிலா என்று முதலில் பாருங்கள். பிறகு மானிட்டர் மெனு. சில மாடல்களில் டிஸ்ப்ளேபோர்ட் 1.1 என்றே செட் ஆகியிருக்கும், அதை 1.4-க்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் 11-ல் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள் போனால் ஹெர்ட்ஸ், பிட், நிற வடிவம் மூன்றும் தெரியும். திரை இடையிடையே ஒரு நொடி கறுத்தாலோ வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ கார்டைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றுங்கள். 2 மீட்டருக்குள் இருப்பது நல்லது. மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் சிலவற்றில் 20-ஆம் பின்னையும் இணைத்துவிடுகிறார்கள். மானிட்டரின் மின்சாரம் அதன் வழியே கார்டுக்குள் ஏறி, கணினி பூட் ஆகாமல்கூட நிற்கும்.

லினக்ஸில் ஏஎம்டி கார்டு என்றால் டிஸ்ப்ளேபோர்ட்டையே நம்புங்கள். ஓப்பன் சோர்ஸ் டிரைவரில் ஹெச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க 2024-ல் ஹெச்டிஎம்ஐ விதிகளை வகுக்கும் அமைப்பான ஹெச்டிஎம்ஐ ஃபோரம் அனுமதி மறுத்தது.

கேம் ஆடுபவர்களுக்குத்தான் கார்டின் பலம் முக்கியம். 1080பி-யைவிட நான்கு மடங்கு பிக்சலை ஒவ்வொரு பிரேமிலும் வரைய வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 8 ஜிபி கார்டுகள் 4கே-யில் புதிய கேம்களுக்கு மூச்சு வாங்கும். மெமரி நிரம்பியதும் படம் திக்கும். 16 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி இரண்டும் பொருத்தமானவை. 5070 டிஐ போன்ற என்விடியா கார்டுகளில் மட்டும் வரும் டிஎல்எஸ்எஸ்-ஐ குவாலிட்டியில் வைத்தால் உள்ளே 1440பி-யில் வரைந்து 4கே-க்கு உயர்த்தும். 4கே-யில் தயங்காமல் போடலாம். இரண்டு கார்டுமே 300 வாட் அளவில் இழுப்பவை, 750 வாட் பவர் சப்ளை வையுங்கள். 5070 டிஐ-யின் 16 பின் கனெக்டரை இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்திச் செருகி, கேபிளை ஒட்டினாற்போல் வளைக்காமல் விடுங்கள். அரைகுறையாகச் செருகினால் சூடேறி உருகும்.