புதிய கட்டடமா, பழைய கட்டடத்தின் மீட்பா?

புதுக் கட்டடம் வடிவமைப்பவர் வெற்று மனையில் தம் கற்பனையிலிருந்து தொடங்குகிறார். மீட்புப் பணிக்குச் செல்லும் கட்டடக் கலைஞரோ, வரையத் தொடங்குமுன், எந்தச் சுவர் எதனால் ஈரம் கோக்கிறது, எந்தப் பூச்சு எந்தக் காலத்தது என்று மாதக்கணக்கில் ஆராய வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர்மீது சிமெண்ட் பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லின் முகத்தைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும். ஏதென்சின் பழங்காலக் கோயிலான பார்த்தினானில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ் பொருத்திய இரும்புக் கவ்விகள் துருவேறிப் பருத்துப் பளிங்கையே பிளந்ததால், பின்வந்தவர்கள் அவற்றை அகற்றி துருவேறாத டைட்டானியக் கவ்விகளைப் பொருத்த நேர்ந்தது. புதுக் கட்டடத்தில் கலைஞரின் கைவண்ணம் பளிச்சென்று தெரியலாம். மீட்பிலோ, பழஞ்சின்னங்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறியான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனப்படி, சேர்த்த பகுதி முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து வேறென்றும் தெரிய வேண்டும். என் பார்வையில் இதுவே கடினமான கலை.