கழக லீக்கா, பிராட்பி கேடயமா?

இலங்கையில் ரக்பி பார்க்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் எதற்குப் போவது?

ஆட்டத்தின் தரம் என்றால் கழக லீக்தான். கண்டி, சிஆர், ஹவலொக்ஸ், சிஎச் போன்ற பழைய கழகங்களோடு இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளும் மோதுவது இதன் தனி நிறம். உடல் வலு, முன்வரிசை மோதல் எல்லாம் வளர்ந்த ஆட்களின் விளையாட்டு. ஒரு குறை உண்டு. 1990களிலிருந்து கண்டி அணி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பதால், பல பருவங்களில் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். சிஆர், ஹவலொக்ஸ் இடையில் புகுந்த ஆண்டுகள்தான் சுவையானவை. கண்டியை அதன் சொந்த நித்தவெல மைதானத்தில் பாருங்கள். அங்கே கண்டியின் பதினைந்து பேரோடு பதினாறாவது ஆளாக நிற்பது கூட்டம்தான்.

பிராட்பி கேடயம் வேறு உலகம். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதும் தொடர் இது. கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று. இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. அதனால் முதல் ஆட்டத்தில் தோற்றவனும் கடைசி நிமிடம்வரை கைவிடமாட்டான். பந்து கைநழுவுவது கழக ஆட்டத்தைவிட அதிகம்தான், பையன்கள்தானே! ஆனால் பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்துகூட விமானம் ஏறி வருகிறார்கள். லீக் ஆட்டத்துக்கு அப்படி யார் வருவார்கள்?

நுணுக்கம் கற்க லீக். எனக்கு ஒரே டிக்கெட் என்றால், பிராட்பியின் இரண்டாவது ஆட்டம்.