கிறிஸ்துமஸ் ரோஸ்டுக்கு வாங்கிய கறித் தெர்மாமீட்டர்: ஒரு வருடம் புழங்கிய பிறகு

முந்தின வருட கிறிஸ்துமஸ் ரோஸ்டை நான்தான் கெடுத்தேன். வெந்ததா என்று பார்க்க மூன்று இடத்தில் கத்தி போட்டேன். சாறெல்லாம் தட்டில் ஓடி, மேலே கருகி, நடுவில் பச்சையாக நின்றது. கோயில் முடிந்து பசியோடு வந்த 14 பேருக்கு அதையே குக்கரில் போட்டு குழம்பாக்கிப் பரிமாறினேன். அந்த வருத்தத்தில்தான் இந்த டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாங்கினேன். விலை 450 ரூபாய். மடக்குகிற மாதிரி ஊசி, கடிகாரத்துக்குப் போடும் பொத்தான் பேட்டரி.

வந்ததும் முதலில் சோதித்தேன். டம்ளர் நிறைய ஐஸ் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குத்தினால் 0 காட்ட வேண்டும், 0.4 காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் 99.5. மதுரைக்கு அதுவே சரிதான். எண் நிலைத்து நிற்க ஆறு விநாடி ஆகிறது, அவ்வளவு நேரம் அடுப்பு திறந்திருக்கும் என்பது ஒரு குறை.

போன கிறிஸ்துமஸுக்கு நெல்பேட்டைப் பக்கம் எங்கள் வழக்கமான கடையில் முன்பே சொல்லி வைத்து அண்டர்கட் (முதுகெலும்புக்குக் கீழே இருக்கும் மெத்தென்ற மாட்டுக்கறித் துண்டு) 1 கிலோ 200 கிராம் வாங்கினேன். கடைக்காரர் சவ்வை உரித்து, நூல் கட்டியே கொடுத்தார். முந்தின ராத்திரியே உப்பு தடவி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் மிளகும் பூண்டும் அரைத்துப் பூசினேன். இரும்புச் சட்டியில் நான்கு பக்கமும் சிவக்க வைத்து, ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார அடுப்பு) 150 டிகிரியில் விட்டேன். 40 நிமிடம் கழித்து ஊசியைப் பக்கவாட்டில், சரியாக நடுவரைக்கும் இறக்கினேன். 51. அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தேன். 63 வந்ததும் வெளியே எடுத்து அலுமினியத் தாள் போட்டு மூடினேன். கால் மணி நேரத்தில் தானாகவே 67 ஆனது! அடுப்பை விட்டு எடுத்த பிறகும் வெளிச்சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன் எத்தனை ரோஸ்டை இப்படிக் காயவிட்டிருப்பேனோ.

வெட்டினால் ஒரே சீராக லேசான ரோஸ் நிறம், சாறு அப்படியே இருந்தது. மாமனார் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரத்தம் தெரியுதே, வெந்துருச்சா?" என்றார். "அது ரத்தம் இல்லைங்க மாமா, கறியோட நிறம். முழுத் துண்டு 63 தொட்டு மூணு நிமிஷம் ஆறினாலே போதும்" என்று தெர்மாமீட்டரைக் காட்டினேன். இரண்டாவது தடவை அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சட்டியில் ஒட்டியிருந்ததைச் சின்ன வெங்காயம் போட்டுச் சுரண்டி எடுத்த சாறுதான் உருளைக்கிழங்குக்குக் குழம்பு.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். புத்தாண்டுக்குத் தொடைக்கறியை இதே கணக்கில் செய்தேன். எண் சரியாக வந்தது, கறி மட்டும் மெல்ல முடியவில்லை. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வயதான மாடு, எருமை. அதன் நாரும் சவ்வும் இளக வேண்டுமென்றால் 63 எங்கே போதும்? 90 டிகிரி வரை போய் மணிக்கணக்கில் கிடக்க வேண்டும். அதற்குக் குக்கர்தான் சரி. எந்தக் கறிக்கு எத்தனை டிகிரி என்று போடும் வெளிநாட்டு அட்டவணையை நம்பித் தொடையில் இறங்கிவிடாதீர்கள்.

ஊசியை அடுப்புக்குள்ளேயே விட்டுவைக்கக் கூடாது, பிளாஸ்டிக் உருகிவிடும். தண்ணீரிலும் முக்கக் கூடாது. பச்சைக் கறியில் குத்திய ஊசியை மட்டும் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுத் துடைத்துவிடுவேன். திரையில் விளக்கு இல்லாதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, என் சமையலறை இருட்டு.

மற்ற நாளில் பாலுக்கு உறை ஊற்றத்தான் இது அதிகம் கைக்கு வருகிறது. 42 டிகிரியில் ஊற்றினால் மார்கழியிலும் தயிர் கெட்டியாக உறைகிறது. தீபாவளிக்கு முறுக்கு எண்ணெய்க்கும் வைத்துப் பார்த்தேன், 175ல் போட்டது ஒன்றுகூடச் சிவந்துபோகவில்லை. வருகிற கிறிஸ்துமஸுக்கு இரண்டு அண்டர்கட் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். கொழுந்தனார் குடும்பமும் வருகிறது.