வாக்குச்சீட்டா, சந்தாவா? அருங்காட்சியகத்துக்குக் கலைப்படைப்பு வாங்க உதவும் குழுக்கள்

அருங்காட்சியகம் ஒன்றின் சேகரிப்பு வளரவேண்டும் என்பதற்காகவே பணம் கொடுக்க விரும்புவோர் அதன் கொள்முதல் குழுவில் சேரலாம், நண்பர்கள் சங்கத்தில் உறுப்பினராகலாம், அல்லது நாடு முழுவதற்கும் உதவும் நிதியம் ஒன்றுக்குச் சந்தா கட்டலாம். இலவச நுழைவுக்காக எடுக்கும் சாதாரண உறுப்பினர் அட்டை இந்தக் கணக்கில் வராது. அந்தப் பணம் பெரும்பாலும் அன்றாட நிர்வாகச் செலவுக்கே போய்விடும்.

மூன்றில் அதிகம் கவர்வது கொள்முதல் குழுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பாளர் குழுவில், உறுப்பினர்களின் கட்டணம் பொது நிதியாகத் திரட்டப்படுகிறது. சேகரிப்பைப் பொறுப்பேற்றுக் கவனிக்கும் காப்பாட்சியர்கள் ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் முன்மொழியும் படைப்புக்காக வாதாடுகிறார்கள். பிறகு உறுப்பினர்கள் வாக்களித்து எதை வாங்குவது என்று முடிவு செய்கிறார்கள். தன் வாக்கால் ஒரு சிற்பம் கூடத்துக்குள் வருவதைப் பார்ப்பது சாதாரண மகிழ்ச்சி அன்று. ஆனால் அந்தப் பட்டியல் முன்கூட்டியே வடிகட்டப்பட்டது என்பதையும், பேச்சுச் சாமர்த்தியம் உள்ள காப்பாட்சியரிடம் மங்கிப்போன ஓலைச்சுவடியோ சிறு நாணயமோ எளிதில் தோற்றுவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. வாக்களிப்பவர் வீட்டிலேயே அதே ஓவியரின் படைப்புகள் தொங்கினால், அருங்காட்சியகம் வாங்குவது அவற்றின் விலையையும் ஏற்றிவிடக்கூடும். இதற்கு விதி வைக்காத குழுவில் நான் சேரமாட்டேன்.

லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உலகின் வெவ்வேறு பகுதிகளுக்கென அமைந்த வட்டாரக் கொள்முதல் குழுக்களில் இந்தப் பரபரப்பு குறைவு. இறுதி முடிவு அறங்காவலர்களுடையது. கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு அதுவே நல்லது.

நண்பர்கள் சங்கத்தில் வாக்குச்சீட்டு கிடையாது, கட்டணமும் குறைவு. 1897-இல் தொடங்கிய பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் நண்பர்கள் சங்கம், இறந்த கிறிஸ்துவை மரியா மடியில் ஏந்தியிருக்கும் ‘அவிஞ்ஞோன் பியெத்தா’ ஓவியத்தை 1905-இலும், பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ரின் வட்டவடிவ ஓவியமான ‘துருக்கியக் குளியல்’ படத்தை, வேறொருவரின் உதவியும் சேர, 1911-இலும் அந்த அருங்காட்சியகத்துக்கு அளித்தது. அதே 1897-இல் பெர்லினில் உருவான கைசர் பிரீட்ரிக் அருங்காட்சியகச் சங்கமோ, வாங்கியவற்றின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு நிரந்தர இரவலாக மட்டுமே கொடுக்கிறது. இந்த வேறுபாடு சிறிதன்று: உரிமை சங்கத்திடம் இருக்கும்வரை, அருங்காட்சியகத்தின் நாளைய நிர்வாகம் படைப்பைத் தன் விருப்பப்படி விற்றுவிட முடியாது.

நடுத்தர வசதி உள்ளவருக்கு நான் சொல்வது மூன்றாவது வழியான நாடு தழுவிய நிதியத்தைத்தான். நெதர்லாந்தின் ரெம்பிராண்ட் சங்கம், ஏலத்துக்கு வந்த பழைய ஓவியர்களின் கோட்டோவியங்கள் நாட்டைவிட்டுப் போகாமல் தடுக்க 1883-இல் பிறந்தது; டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால்காரி’ ஓவியம் 1908-இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்கு வந்ததில் அதற்குப் பங்குண்டு. பிரிட்டனில் 1903-இல் தொடங்கிய தேசியக் கலைச் சேகரிப்பு நிதியம், ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ‘ரோக்பி வீனஸ்’ ஓவியத்தை 1906-இல் 45,000 பவுண்டுக்கு வாங்கி லண்டன் நேஷனல் கேலரியில் சேர்த்தது. இத்தகைய நிதியங்களின் பணம், பணக்காரப் புரவலர் இல்லாத சிற்றூர் அருங்காட்சியகங்களையும் எட்டுகிறது. உறுப்பினருக்குத் தேர்வில் குரல் இல்லை என்பதே இதன் குறை.

எதில் சேர்வதானாலும், கட்டணத்தில் விருந்துக்கும் பயணத்துக்கும் போவது எவ்வளவு, அந்த ஆண்டு செலவாகாத தொகை அடுத்த ஆண்டுக் கொள்முதலுக்கே ஒதுக்கப்படுமா, வாங்கிய படைப்பைப் பின்னாளில் விற்றால் அந்தப் பணம் மீண்டும் கலைப்படைப்புக்கே போகுமா என்பவற்றைக் கையெழுத்திடும் முன் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.